பத்தாயிரத்து ஏழாவது கல்

வெகு காலத்துக்கு முன்னால், கற்களுக்கும் காது கேட்ட நாளில், ஒருவாசல்பட்டணம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஊர்க்கணக்கு. ஆளுக்கொரு வெள்ளைக் கூழாங்கல்லைப் பெரிய பானையில் போடுவார்கள். கோட்டைக்கு வெளியே செங்கல் சூளை வைத்திருந்த மாராயிக்கு மட்டும் கல் கிடையாது. கோட்டையே அவள் அறுத்த கல். ஆனாலும், “சூளைக்காரிக்கு என்ன கணக்கு?” என்றார்கள்.

“உங்கள் மதில் நிற்கிறதே, அதுதான் என் கணக்கு” என்பாள் மாராயி.

அந்த வருஷம் தண்டோராக்காரன் சொன்ன எண் பத்தாயிரத்து ஆறு.

மறுநாள் காலை வகிரன் வந்தான். மூன்று ஊர்களைக் கல்லாக்கிய மந்திரவாதி. கோலால் தரையைத் தட்டினான். உள்ளே இருந்தவர்கள் வெளியே போக முடியாதபடி வாசலில் மந்திரம் விழுந்தது.

“ராஜா, பானையைக் கொட்டு. கற்களைச் சம வரிசையாக அடுக்குவேன். மிச்சமில்லாமல் அடங்கினால் ஊரே கல். பொழுது சாய்வதற்குள் அடங்காவிட்டால் என் கோல் ஒடியும், பழைய மூன்று ஊர்களும் உயிர்க்கும். ஒரே வரிசையாக வைக்க மாட்டேன், கல்லுக்கொரு வரிசையும் போட மாட்டேன்.”

இரண்டிரண்டாக அடுக்கத் தொடங்கினான். அடுக்க அடுக்க ஊராரின் பாதங்கள் கல்லாயின.

மாராயி வாசலில் நின்று பார்த்தாள். ஒரு கல் கூடினால் போதும் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் அவள் அறுத்த செங்கற்கள் பத்தாயிரத்து ஏழு. சம வரிசையாக அடுக்காமல் சூளைக்காரர்கள் நெருப்பு வைப்பதில்லை. இரண்டு, மூன்று என்று நூறுவரை அடுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது. கடைசியில் எரிச்சலில் ஒரு செம்மண் கல்லை உடைத்தெறிந்துவிட்டுத்தான் சூளையை மூட்டினாள்.

உடைந்த அந்தக் கல்லின் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு கோட்டைக்குள் நடந்தாள்.

“ஏய் மாராயி, உள்ளே வந்தால் நீயும் கல்தான்! ஓடிப் போ!” என்று காவல்காரன் கத்தினான்.

“நாற்பது வருஷமாய்க் கல்லோடுதானே கிடக்கிறேன். வழியை விடு.”

“யார் நீ?” என்றான் வகிரன்.

“இந்த ஊர்க்காரி. என் கல் இன்னும் விழவில்லை.”

மந்திரி வாயைத் திறந்தார். முழங்கால்வரை கல்லாகியிருந்த ராஜா அவரைத் தடுத்தார். “நம் கணக்குதான் தப்பு. போடம்மா.”

“நீங்கள் சொல்லாவிட்டாலும் போடத்தான் வந்தேன்” என்று மாராயி சிவப்புத் துண்டைப் போட்டாள்.

வகிரன் இரண்டிரண்டாக அடுக்கினான். ஒன்று மிஞ்சியது. மூன்று மூன்றாக அடுக்கினான். இரண்டு மிஞ்சின. ஏழேழாக அடுக்கினான். நான்கு மிஞ்சின. கோல் தானே பறந்து பறந்து அடுக்கியது. நூறு நூறாக வந்தபோது ஏழு மிஞ்சின. மிஞ்சியதில் எல்லாம் சிவப்புத் துண்டு இருந்தது.

“நூற்றொன்று!” என்று மூச்சிரைத்தான்.

“அடுக்கேன். வரிசைக்கு நூற்றொன்று வைத்தால் வரிசைகள் நூறுக்குள் வந்துவிடும். அதைத்தான் பார்த்தாயிற்றே. பாயைத் திருப்பிப் போட்டால் புதுப் பாய் ஆகிவிடுமா?”

பொழுது சாய்ந்தது. கோல் இரண்டாக ஒடிந்தது. ராஜாவின் கால்கள் அசைந்தன. மூன்று ஊர்களும் கண் விழித்தன. வகிரன் கைவீசி நடக்கும் வெறும் கிழவனாகி மலைப்பக்கம் போனான்.

ராஜா பொன் தட்டில் வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை நீட்டினார்.

“என்னிடம் என் கல் இருக்கிறது” என்றாள் மாராயி.

அடுத்த வருஷ ஊர்க்கணக்கில் பானையில் முதலில் விழுந்தது அந்தச் சிவப்புத் துண்டு. அது விழும்வரை ராஜா தன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.