குறை இல்லாத பட்டம்

“புதுப் பட்டம் தைச்சா முதல்ல அந்தப் பல் டாக்டர் கையிலதான் குடுப்பீங்களா டீச்சர்?”

கஸ்பார் இப்படிக் கேட்டபோது ஜெசிந்தா மணலில் உட்கார்ந்து நூலில் விழுந்த சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“ஆமா அண்ணே.”

அவ்வளவுதான் பதில்.

கஸ்பாருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். ஜெசிந்தா அவனுக்குப் பத்து வயது இளையவள். ஆனாலும் கடல் விஷயத்தில் அவள் குரு, அவன் சீடன். அவன் டீச்சர் என்பான், அவள் அண்ணே என்பாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

ராமேஸ்வரம் தீவின் ஒதுக்குப்புறத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நிற்கிற ஒரு இடம் உண்டு. அங்கேதான் ஜெசிந்தா கடல் பட்டம் விடக் கற்றுக்கொடுத்தாள். காலில் பலகை, இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் மாட்டிய நூல்கள், நூல்களின் மறுமுனையில் வானத்தில் ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போவான்.

கையில் ஒரு கட்டை இருக்கும், அதன் பெயர் பார். வலது கையால் அதை இழுத்தால் பட்டம் வலப்பக்கம் திரும்பும், இடது கையால் இழுத்தால் இடப்பக்கம். இரண்டு கையையும் சும்மா வைத்திருந்தால் பட்டம் நேரே நிற்க வேண்டும். நின்றால் நல்ல பட்டம்.

இந்த வித்தையில் ஜெசிந்தாவை விட்டால் கஸ்பாரை அடித்துக்கொள்ள அந்தக் கரையில் ஆள் கிடையாது. எந்தக் காற்றிலும் போவான், எந்தப் பட்டத்தையும் ஓட்டுவான்.

டாக்டர் பூவலிங்கம் கதை வேறு. ஞாயிறு தவறாமல் பரமக்குடியிலிருந்து வருவார், ஞாயிறு தவறாமல் விழுவார். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி இருமுவார். சிரிப்பார். மறுபடி போய் விழுவார். நல்ல மனுஷன்தான். ஆனால் கடலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

பழகுகிறவர்களுக்கான பட்டத்தை ஜெசிந்தாவே தைப்பாள். தைத்து முடித்ததும் டாக்டரைக் கூப்பிடுவாள். அவர் விழுவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்ப்பாள். பிறகு தையல் மெஷினுக்குப் போய் ஏதோ ஒரு இடத்தைப் பிரித்து மறுபடி தைப்பாள். கஸ்பாரை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை.

வயிறு எரியாதா? எரிந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தான்.

அன்றைக்கு அடக்க முடியவில்லை. காரணம், அவன் மனைவி பிலோமி. கரையில் நின்று பட்டம் பிடிக்கப் பழகி முடித்து அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தண்ணீரில் இறங்குகிறாள். மெலிந்த உடம்பு. அவளைப்போன்றவர்களுக்கென்றே ஜெசிந்தா ஒரு சிறிய பட்டம் தைத்திருந்தாள், மஞ்சளும் கறுப்புமாக. அது தேறினால் முதலில் அவளுக்குத்தான்.

“என் பொண்டாட்டி போகப்போற பட்டம்” என்றான் கஸ்பார். “அதையும் நான் பார்த்துச் சொல்லக்கூடாதுன்னா, நாளையிலேருந்து நான் இந்தப் பக்கம் வரலை.”

சொல்லிவிட்டானே தவிர, சரி, போங்க என்று அவள் சொல்லிவிட்டால் அவனுக்குப் போக வேறு இடமில்லை.

ஜெசிந்தா கையிலிருந்த நூலை மணலில் வைத்தாள். பட்டத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“பார்த்துச் சொல்லுங்க அண்ணே.”

ஏற்கெனவே பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்ற டாக்டர், ஒரு நாளைக்காவது மூக்கு பிழைத்தது என்று சொல்லி அதைக் கழற்றினார். பொட்டலத்தைப் பிரித்துக் கடலை தின்ன உட்கார்ந்துவிட்டார்.

தெற்கிலிருந்து சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கஸ்பார் இறங்கினான்.

என்ன சொல்ல! பிறந்ததிலிருந்து அந்தப் பட்டத்தோடேயே வளர்ந்தவன் மாதிரி போனான். நேர்க்கோடு கிழித்தது போல வெளியே போய், அதே கோட்டில் திரும்பி வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். நடுவில் ஒரு துள்ளல் துள்ளி, பட்டம் தலைக்கு மேலே ஆடாமல் நிற்க, பூப்போல இறங்கினான். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பிலோமிக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்தில் நின்ற ஆளிடம் என் வீட்டுக்காரர் என்று சொன்னாள்.

இடப்பக்கம் கரை ஓரமாகக் கருங்கல் கொட்டிக் கிடக்கும். பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போய்விடாமல் ஜெசிந்தா எப்போதும் கத்திக்கொண்டே இருப்பாள். கஸ்பாருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கரையேறி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“எப்படி இருக்கு?” என்றாள் ஜெசிந்தா.

“ஒரு குறையும் இல்ல டீச்சர். நினைச்ச இடத்துக்குப் போகுது, நினைச்ச இடத்துல நிக்குது.”

“கொஞ்சம்கூட இல்லையா?”

“கொஞ்சம்கூட இல்ல.”

“யாருக்கு வேணாலும் குடுக்கலாமா?”

“கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்.”

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். டாக்டரும் தலையை ஆட்டிவிட்டு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். ஜெசிந்தா பிலோமியை அருகே கூப்பிட்டாள்.

“நீங்களே மாட்டி விடுங்க அண்ணே” என்றாள்.

கஸ்பாருக்குச் சந்தோஷம். குரு தன் வாயால் சொல்லிவிட்டாள், இதற்குமேல் என்ன வேண்டும்? மனைவியின் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றினான், இறுக்கினான். நூல்களின் கொக்கியை எடுத்து மாட்டினான். பயப்படாதே, இது தானாகவே போகும், நீ சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று தைரியம் சொன்னான்.

பிலோமிக்குப் புருஷன் பார்த்துச் சொன்ன பட்டம் என்ற நம்பிக்கை இருந்தது. பாரைப் பிடித்தாள்.

பெல்ட்டைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தபோது கஸ்பார் கையை உதறினான். பிலோமி பார்த்துவிட்டாள்.

“கை ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?”

வலது உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. விரல்களுக்குக் கீழே பாரின் தடம் அப்படியே பதிந்திருந்தது. பட்டம் விட்டால் கை சிவக்காமல் வெளுக்குமா என்று அவன் அலட்சியமாகச் சொன்னான்.

ஜெசிந்தா எழுந்து வந்தாள். அவனுடைய இடது கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களை விரித்து, வலது கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அது தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.

“போன தூரமும் வந்த தூரமும் ஒண்ணுதானே அண்ணே?”

கஸ்பார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஒரு பக்கம் போகும்போது வலது கை இழுத்திருந்தால், திரும்பி வரும்போது இடது கையல்லவா இழுத்திருக்க வேண்டும்? இங்கே போகும்போதும் வலது கைதான் இழுத்திருக்கிறது, வரும்போதும் வலது கைதான் இழுத்திருக்கிறது. துள்ளி இறங்கும்போதும் அதுதான். பட்டம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது, கை அதை நிமிர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. கை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் கருங்கல் பக்கம் பார்த்தான். பிறகு பிலோமியின் கையைப் பார்த்தான். அவள் பாரை நடுவில் பிடித்துக்கொண்டு, அவன் சொன்னபடியே சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

கஸ்பார் குனிந்து கொக்கியைக் கழற்றினான். அவசரத்தில் விரல் நழுவி, இரண்டாம் தரம்தான் கழன்றது.

“என்னங்க? பட்டம் நல்லா இல்லையா?” என்றாள் பிலோமி.

“நான் ஓட்டினா நல்லாத்தான் இருக்கு” என்றான் கஸ்பார்.