பத்து யானை, இரண்டு குதிரை

முன்னொரு காலத்தில், கப்பல்கள் காற்றின் மனநிலை பார்த்து வந்துபோன நாள்களில், கடலோரத்தில் ஒரு சின்ன ராஜ்ஜியம் இருந்தது. அதன் அரசருக்கு வருடத்துக்கு ஓர் ஆசை வரும். ஒரு வருடம் மயிலுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். மறுவருடம் மேகங்களுக்குப் பெயர் சூட்டச் சொன்னார். இந்தக் கதை நடந்த வருடம் அவருக்கு வந்த ஆசை ஆங்கிலம்.

ஆசையைக் கிளப்பியது ஒரு கடிதம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலின் தலைவர் ஆப்கின் துரை, தங்கள் தீவில் மனிதர்களைப்போல் மூன்று மடங்கு ஆடுகள் உண்டு என்று பெருமையாக எழுதியிருந்தார். அரசர் அந்த வரியை நான்கு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆடு எத்தனை என்று சொல்லவில்லை, மனிதர் எத்தனை என்றும் சொல்லவில்லை, ஆனாலும் கேட்கிறவன் மனமெல்லாம் மந்தையாக நிறைந்துவிடுகிறதே என்று வியந்தார். பதிலும் இதே மாதிரி மடங்குக் கணக்கில், ஆங்கிலத்தில், தம் கையாலேயே எழுதப்போவதாக அறிவித்தார்.

எதை எதன் மடங்கில் சொல்வது என்ற கேள்வி வந்தபோது, பிரதானி அரியநாயகம் எழுந்து, யானைகளைக் குதிரைகளோடு சேர்த்துச் சொன்னால் கம்பீரமாக இருக்கும், மடங்கு ஐந்து என்றால் இன்னும் கம்பீரம் என்று யோசனை சொன்னார். பக்கத்தில் இருந்த அவைக் கவிராயர் ஐந்து என்ற எண்ணின் அழகைப் பற்றி ஒரு பாட்டே பாடிவிட்டார். இருவரும் உட்கார்ந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

அரசர் எழுதிய வாக்கியம் திருத்துவதற்காக அம்பலக்கூத்தனிடம் வந்தது. கூத்தன்தான் அந்த அவையின் விகடகவி. இளமையில் துறைமுகத்தில் கப்பல்காரர்களின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்து ஆங்கிலம் கற்றவன் என்பதால், கடிதம் திருத்தும் வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது. திருத்துகிறேன் என்ற பெயரில் பிரதானியும் கவிராயரும் எழுதித் தரும் துதிகளில் பாதியை அடித்துவிடுவான். அவர்கள் இருவரும் அவனை மன்னிக்காததற்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

அரசரின் வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "எங்கள் யானைகளின் அளவு, குதிரைகளைவிட ஐந்து மடங்கு போல அதிகமான மாதிரி எவ்வளவோ." கூத்தன் மனம் குளிர்ந்துபோனான். ஒரு நல்ல பிழையைக் கண்டால் அவனுக்குப் பசிக்காது. தண்ணீருக்கும் மணலுக்கும் உரிய சொல்லை அரசர் யானைக்குப் போட்டிருந்தார். யானை எண்ணக்கூடிய பிராணி என்று சொல்லி அதை மாற்றினான். ஐந்து மடங்கா, ஐந்து மடங்கு அதிகமா, அதிகம் என்றால் ஆறு மடங்காகிவிடுமே என்று ஒரு நாழிகை யோசித்து, 'அதிக'த்தை அடித்தான். அளவைக் குதிரையோடு ஒப்பிடக் கூடாது, யானையைத்தான் குதிரையோடு ஒப்பிட வேண்டும் என்று இரு பக்கத்தையும் சமன் செய்தான். மாலைக்குள் வாக்கியம் பளிங்குபோல் ஆகிவிட்டது: "எங்கள் நாட்டில் யானைகள், குதிரைகளைப்போல் ஐந்து மடங்கு உள்ளன."

திருத்திய மகிழ்ச்சியில் கடிதத்தின் பின்பக்கத்தில் கட்டைவிரலைப் பதித்தான்.

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முத்திரை வைத்துப் போகும் கடிதத்தில் ஒரு வாக்கியம் பொய்யென்று தெரிந்தால், எழுதியவருக்கு ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் விரல் பதித்தவன் சோற்றுப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு எல்லை ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும். அந்த நாட்டு அரசர்கள் பொய் சொல்வதே இல்லை என்ற புகழைப் பல தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது இந்த ஏற்பாடுதான்.

மூன்றாம் நாள் ஆப்கின் துரையின் பதில் வந்தது. இப்படி ஒரு நாட்டைத் தாம் கண்டதில்லை என்றும், ஐந்து நாளில் கரையிறங்கி யானைகளையும் குதிரைகளையும் தம் கண்ணாலேயே எண்ணிப் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். அரசர் பூரித்துப்போனார். பிரதானி அரியநாயகம் கூத்தன் பக்கமாகச் சாய்ந்து, நாட்டில் யானை பத்து, குதிரை நூற்றிருபது என்று மிகவும் அன்போடு காதில் சொன்னார். அந்த நூற்றிருபதில் பெரும்பகுதி அவையோர் ஒவ்வொருவரும் அரபு நாட்டிலிருந்து வரவழைத்துக் கட்டியிருந்தவை.

"வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லையே, கூத்தரே?" என்று கவிராயரும் விசாரித்தார்.

இல்லை. அதுதான் வினை என்பது கூத்தனுக்கு அப்போது விளங்கியது. அரசர் எழுதிய நிலையில் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது, அதனால் அது பொய்யாக இருக்க வழியும் இல்லை. உட்கார்ந்து அதைத் திருத்தித் திருத்தி, சுத்தமான பொய்யாக ஆக்கியவன் அவன்தான்.

வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி செங்கமலம் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எட்டாவது மாதம். ஆற்றில் வெள்ளம் வேறு. நடந்ததை எல்லாம் கூத்தன் சொல்லி முடிக்கும்வரை அவள் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பானையைத் தலையில வச்சுக்கிட்டு நீங்க வேணும்னா போங்க. இந்த வயித்தோட நான் ஆத்துல இறங்குறதா இல்லை."

"ஐந்து நாளில் அறுநூறு யானைக்கு எங்கே போவேன், கமலம்?"

அவள் மாவை வழிக்கத் தொடங்கினாள். கூத்தன் ஆட்டுக்கல்லை எட்டிப் பார்த்தான். வழக்கத்தில் பாதி மாவுதான் இருந்தது. ஏன் என்று கேட்டான்.

"உளுந்து கொஞ்சந்தான் இருந்துச்சு. அரிசியைக் குறைச்சுட்டேன். நாலுக்கு ஒண்ணு இருந்தா இட்லி பூப்போல வரும். அதுக்காக உளுந்துதான் வாங்கணும்னு சட்டமா?"

கூத்தன் எழுந்து நின்றான். மேல்துண்டைக்கூடச் சரிசெய்துகொள்ளாமல் அரண்மனைக்கு ஓடினான்.

அரசரிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: துரை வந்து எண்ணும்போது அரசரின் வாக்கியத்துக்குப் பொருத்தமாக நாடு இருக்கும்படி ஏற்பாடு செய்ய, ஐந்து நாளுக்கு முத்திரை மோதிரம் வேண்டும். தம் வாக்கியத்துக்குச் செய்யும் மரியாதை என்று அரசர் உடனே கழற்றிக் கொடுத்தார். பிரதானியும் மறுப்புச் சொல்லவில்லை. கூத்தன் காட்டுக்குப் போய் யானை பிடிக்கப்போகிறான் என்று நினைத்து, அவனுக்கு நல்ல கயிறாக எடுத்துக் கொடுக்கும்படி சேவகர்களிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் அவையோர் ஒவ்வொருவராகத் தம் லாயத்தில் நின்று, வெறும் கொள்ளுத் தொட்டியைப் பார்த்தார்கள். முத்திரை மோதிரத்தைக் காட்டி, நாட்டுக் குதிரைகள் எல்லாவற்றையும் படகில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த நாட்டு மேய்ச்சலில் விட்டிருந்தான் கூத்தன். அரசரின் வெள்ளைக் குதிரையை மட்டும் தொடவில்லை. சுண்ணாம்புக் காளவாசலில் வண்டி இழுக்கும் நொண்டிக் குதிரை ஒன்று என்ன செய்தும் படகில் ஏற மாட்டேன் என்றுவிட்டது. போகட்டும், கணக்குக்கு இரண்டு வேண்டும் என்று அதையும் விட்டுவிட்டான்.

முப்பது வருடமாகத் தரையை மேலிருந்தே பார்த்துப் பழகிய பிரதானி, அன்று முதல் தடவையாக அரண்மனைக்கு நடந்து வந்தார். அரசர் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, வழியில் எருமை ஒன்றுக்கு ஒதுங்கி நிற்கவும் நேர்ந்தது. கவிராயர் வந்துசேர மதியம் ஆனது. வந்ததும் செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தார். பாட்டு எதுவும் வரவில்லை.

குறித்த நாளில் ஆப்கின் துரை கரையிறங்கினார். ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து யானைகளையும் எண்ணிக் குறித்தார். வெள்ளைக் குதிரையைக் குறித்தார். நொண்டிக் குதிரையைச் சுற்றி வந்து, சந்தேகத்தோடு அதன் பல்லைப் பார்த்து, அதையும் குறித்தார். பிறகு வெகுநேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த நாட்டுப் பிரபுக்கள் எதில் ஏறிப் போகிறார்கள் என்று கேட்டார்.

"நடக்கிறார்கள். எங்கள் பிரபுக்கள் எளிமைக்குப் பெயர் போனவர்கள்" என்றான் கூத்தன்.

துரை தொப்பியைக் கழற்றிப் பிரதானியை வணங்கினார். கப்பல்காரர்கள் வாக்குத் தவறுவதைத்தான் உலகமெல்லாம் கண்டிருப்பதாகவும், சொன்ன மடங்கு சொன்னபடி இருக்கும் நாட்டை இங்குதான் கண்டதாகவும் சொல்லிவிட்டுப் படகுக்குத் திரும்பினார்.

அவர் தலை மறைந்ததும் பிரதானியின் பொறுமையும் மறைந்தது. "மகாராஜா, இது பெரிய மோசடி. நூற்றிருபது குதிரை உள்ள நாடு இது. அந்த வாக்கியம் எழுதிய அன்றைக்கே பொய். எனக்கு அது அப்போதே தெரியும்."

அரசர் சிம்மாசனத்தில் முன்னால் சாய்ந்தார்.

"அப்போதே தெரியுமா, பிரதானி? ஐந்து மடங்கு என்று எமக்கு எடுத்துக் கொடுத்ததும் நீர்தானே?"

பிரதானி கவிராயரைப் பார்த்தார். கவிராயர் தம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் மெல்லப் புரிந்தது. புரிந்ததும் கோபம்தான் வந்தது, ஆனால் எருமைக்கு ஒதுங்கி நின்ற பிரதானி நினைவுக்கு வந்துவிட்டதால் கோபம் நிலைக்கவில்லை. கப்பல் நங்கூரம் எடுக்கும்வரை வாக்கியம் மெய்யாகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். காற்று திரும்ப இன்னும் நாற்பது நாள் இருந்தது.

பிறகு உற்சாகத்தோடு கூத்தனை அழைத்து, அடுத்த கடிதத்துக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"எழுது, கூத்தா. எங்கள் அவையில் அறிவாளிகள், அறிவிலிகளைப்போல் ஐந்து மடங்கு உள்ளனர்."

கூத்தன் எழுதினான். ஓரிடத்திலும் திருத்தவில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்துவிட்டு, பதிக்காமல் நிமிர்ந்தான்.

"அரசே, இதையும் அதே வழியில் மெய்யாக்கிவிடலாமா? படகுகள் துறையில் தயாராகத்தான் நிற்கின்றன."

அவையோர் அத்தனை பேரின் கண்களும் ஆற்றுப் பக்கம் போயின. அரசர் முதலில் புன்னகைத்தார். பிறகு கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அந்தக் கடிதத்தைத் தம் கையாலேயே கிழித்துப் போட்டு, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். கூத்தன் ஒரு மூட்டை உளுந்து கேட்டான். அரசருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் அரண்மனைக் களஞ்சியத்திலேயே பெரிய மூட்டையாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

செங்கமலம் வாசலில் இறங்கிய மூட்டையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"இதுக்கு நாலு மூட்டை அரிசி வேணுமே. அதை யார் கொடுப்பா?"

மறுநாள் கூத்தன் இதை அவையில் சொன்னான். அரசர் மறுபடியும் சிரித்து, நாலு மூட்டை அரிசி அனுப்பினார். நாட்டில் வேறு குதிரை ஓய்வாக இல்லாததால், மூட்டைகளை இழுத்துக்கொண்டு அந்த நொண்டிக் குதிரையே வந்தது.