வெண்டைக்காட்டில் சிக்னல் இல்லை

கோணக்காட்டுப்பாளையத்தில் சென்னியப்பன், மாரப்பன், குழந்தைசாமி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் மீசை நரைத்துவிட்டது. புத்திக்கு மட்டும் இன்னும் பருவம் வரவில்லை. மூவரும் செல்போனில் விவசாயம் செய்தார்கள். விரலால் தொட்டால் உழவு, தேய்த்தால் தண்ணீர். அந்த விளையாட்டில் அவர்கள் பெரும் பண்ணையார்கள். வீட்டுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வெண்டைக்காடு இருந்தது. அதை அக்கா பாவாயி ஒருத்தியே பாடுபட்டு வளர்த்தாள். குடும்பமே அந்த வெண்டைக்காயை நம்பித்தான் இருந்தது.

மகளுக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்ததும் பாவாயி கிளம்ப வேண்டியதாயிற்று.

"மாட்டுக்கு வேளாவேளைக்குத் தண்ணி காட்டுங்க. காட்டு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அக்கா சொல்லைத் தட்டாத தம்பிகள் உடனே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நம்ம கிட்ட மொத்தம் ஆறு கண்ணு இருக்குது. அக்கா கேட்டது ஒண்ணுதான்" என்றான் சென்னியப்பன்.

ஆகவே குழந்தைசாமியின் இடது கண் வெண்டைக்காட்டுக்கு ஒதுக்கப்பட்டது. மீதி ஐந்தும் போனுக்குப் போயின.

மத்தியானம் மாடு கத்தியது. மாரப்பன் எழுந்து போய், விளையாட்டில் தளும்பிக்கொண்டிருந்த கிணற்றை அதன் முகத்துக்கு நேராகக் காட்டினான். மாடு தாகத்தில் திரையை நக்கியது. ஒரே நக்கில் அவன் கத்தரித் தோட்டம் முழுக்க அறுவடையாகிவிட்டது. தனக்கு இத்தனை நாளாக இந்த வேகம் வரவில்லையே என்று மாரப்பன் மனம் வெந்தான். மாடோ கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துத் தொட்டியில் போய்க் குடித்துவிட்டு, தானே திரும்பி வந்து படுத்துக்கொண்டது. அந்த வீட்டில் விவரமாக நடந்துகொண்டது அது மட்டும்தான்.

மூன்றாம் நாள் குழந்தைசாமியின் இடது கண்ணுக்கு, காட்டுக்குள் எட்டு வெள்ளாடுகள் மேய்வது தெரிந்தது. விளையாட்டில் ஆடு புகுந்தால் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், மறைந்துவிடும். மூவரும் ஓடிப்போய் ஒரு கிடாயைப் பிடித்து நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். அது வாயிலிருந்த வெண்டைக்காயை மென்றுகொண்டே அவர்களைப் பார்த்தது.

"ஏண்ணா மறையல?"

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தான். "இங்க சிக்னல் இல்லடா" என்றான்.

ஊருக்கு வெளியே கரட்டு உச்சியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கிடாயைத் தோளில் தூக்கிக்கொண்டு மூவரும் கரடு ஏறினார்கள். மற்ற ஏழு ஆடுகளும் நிம்மதியாக மேய்ந்தன. உச்சியில் இறக்கிவைத்துத் தட்டியதும், கிடாய் மிரண்டு மறுபக்கச் சரிவில் பாய்ந்து கண்ணுக்கு மறைந்தது. மூவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. மீதி ஏழையும் அப்படியே ஒழிக்கலாம் என்று தெம்பாக இறங்கி வந்தார்கள்.

காட்டில் ஒரு ஆடும் இல்லை. ஒரு செடியும் இல்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு ஊர் திரும்பிய பாவாயி, மொட்டை வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

சென்னியப்பன் பக்கத்தில் குந்தி, தணிந்த குரலில் சொன்னான்: "ஆடு அத்தனையும் மறைஞ்சிருச்சுக்கா. ரெண்டு தட்டோட நிறுத்துடான்னு சொன்னேன். இந்தக் குழந்தைசாமிதான் மூணு தட்டிட்டான். செடியும் சேர்ந்து போயிருச்சு."