ராஜா நட்சத்திரமும் ஒரு நோஞ்சானும்

கொக்கரைப் பாளையத்து ராஜாவின் சபையில் மூளையுள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. மாட்டுச் சந்தையில் தரகு பேசிக்கொண்டிருந்தவன். அரண்மனைக்கு ஒரு ஜோடிக் காளை பேசி முடித்தபோது என் வாய் ராஜாவுக்குப் பிடித்துப்போனது. தலைப்பாகை கட்டி, தம் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். அதே வாய்தான் என்னை மாட்டியும் விட்டது.

ஒருநாள் ராஜா, வானத்தில் தமக்கு உரிய நட்சத்திரம் எது என்று கேட்டார். சோதிடர் நாகலிங்கம் அந்தி மயங்கியதும் மேல்மாடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். ராஜா கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். ஒருவழியாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் முகம் சுண்டிப்போனது. எண்ணெய் தீர்ந்த விளக்குத் திரி மாதிரி இருந்தது அந்த நட்சத்திரம். பக்கத்துப் பாளையத்து ராஜாவின் நட்சத்திரமோ ஊருக்கே தெரிகிறது.

"இதைப் பிரகாசமாக்க முடியாதா?" என்றார்.

சோதிடருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "கிழட்டு மாட்டைக் கன்றுக்குட்டி என்று விற்றவர் இங்கேதானே இருக்கிறார், அவரிடம் சொல்லுங்கள்" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கோபம் வந்தால் என் நாக்கு முன்னால் ஓடும், புத்தி நொண்டிக்கொண்டு பின்னால் வரும். நாளைக்கே ஆக்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் தலைப்பாகையை இங்கேயே அவிழ்த்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராஜா சரி என்றார். சோதிடர் அப்போதுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாளும் இருட்டியது. எல்லோரும் மேல்மாடத்துக்கு வந்தாயிற்று. என்னிடம் ஒரு யோசனையும் இல்லை. அந்த நட்சத்திரத்தை நேராகப் பார்க்கவே வெட்கம். சந்தையில் மனசுக்குப் பிடித்த மாட்டை நேராகப் பார்க்கமாட்டோம். ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும். கடைக்கண்ணால்தான் எடைபோடுவோம். பழக்கதோஷத்தில் அப்படியே பார்த்தேன். நட்சத்திரம் கொஞ்சம் தெளிந்தது. அதன் விலாவை ஒட்டினாற்போல் இன்னொன்று, அதைவிட மங்கலாய், ஒரு பொட்டு.

எனக்கு உயிர் வந்தது.

"தீவட்டிகளை அணைக்கச் சொல்லுங்கள் மகாராஜா. நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோஞ்சான் தெரிகிறதா?"

ராஜா தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார். "தெரிகிறதே" என்றார்.

"இப்போது உங்களுடையதைப் பாருங்கள்."

ராஜா பார்த்தார். மீசை மேலே போனது. "அட, நம்முடையது எவ்வளவு பெரிசு."

நட்சத்திரம் நேற்று இருந்தபடியேதான் இருக்கிறது, இது ஏமாற்று வேலை என்று சோதிடர் குதித்தார். நானும் மறைக்கவில்லை. இளைத்த மாட்டை விற்க, அதைவிட இளைத்ததைப் பக்கத்தில் கட்டுவது தரகர் வழக்கம் என்றேன். வானத்தில் யாரோ ஏற்கெனவே கட்டிவைத்துவிட்டதால் எனக்குக் கயிறு மிச்சம் என்றேன். அந்த நோஞ்சான் எப்போதாவது விலகிப் போய்விடுமா என்று ராஜா கவலைப்பட்டார். ஒருநாளும் போகாது என்று சோதிடரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலைப்பாகை என் தலையிலேயே தங்கியது. அத்தோடு நான் கீழே இறங்கியிருக்கலாம். வாய் விடவில்லை.

"இந்த வித்தையை மகாராஜாவுக்கு இதுவரை யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்" என்றேன்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முத்திருளா, சபையில் இத்தனை அறிவாளிகள் இருக்க, உன்னை ஏன் என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்தாய்?"

மறுநாள் என் ஆசனத்தை இன்னும் ஒரு சாண் அவர் பக்கமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். அதுதான் பரிசு.