பீப்பாயில் ஒரு பெயர்

பீப்பாய் ஒன்று. அதில் எழுத இடம் ஒரே ஒரு பெயருக்கு. உரிமை கேட்டு நின்றவர்களோ மூன்று பேர். அவசரப்படாமல் கேளுங்கள், தீர்ப்பு உங்களிடம்தான் வரப்போகிறது.

குன்னூரில் ஒரு தேயிலை ஆலையில் சௌந்தரவல்லிக்குப் பத்தொன்பது வருடம் தேநீர் ருசி பார்க்கிற வேலை. வரிசையாக வைத்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக முகர்வாள், ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவாள், துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவாள். எந்தத் தூளோடு எதைக் கலப்பது என்று அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் பாக்கெட்டில் 'எங்கள் தேர்வு' என்று போட்டு அதன் கீழே முதலாளியின் பெயர்தான் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். வாய் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றதும் ஸ்காட்லாந்தில் இருக்கும் தம்பி கதிரேசன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி ஹேமலதாவோடு மூவருமாகக் கூடாரம், அடுப்பு சகிதம் காரில் மலைப்பக்கம் சுற்றுவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் கதிரேசன் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டான். ஹேமலதாவுக்குக் கார் ஓட்ட வராது. "சாவியக் குடு" என்று கையை நீட்டினாள் அக்கா. ஆலை ஜீப்பைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்கியவளுக்கு ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அந்த ஊர்த் தார்ச்சாலை எம்மாத்திரம்? எதிரே வண்டி வந்தால் சளைக்காமல் பின்னால் எடுத்து ஒதுங்கி வழிவிட்டாள். போகிறவர்கள் கையைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் காலை, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் இருந்த ஒரு விஸ்கி வடிசாலைக்குள் நுழைந்தார்கள். ஐலீன் என்ற பெண் சுற்றிக் காட்டினாள். ஊறுகிற பார்லி, ஆளுயரத்துக்கு மேல் நின்ற செம்புக் கொப்பரைகள் எல்லாம் பார்த்து முடித்தபின் ஒரு சிறிய அறைக்கு முன் நின்று, எங்கள் தலைவர் இங்கே உட்கார்ந்துதான் பீப்பாய்களைத் தேர்ந்தெடுக்கிறார், நாளுக்கு நாற்பது மாதிரிகளை ருசி பார்ப்பார், வேலை நேரத்தில் ஒரு சொட்டு அவர் நாக்கைத் தொடாது என்றாள். கதிரேசன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கண் கூடத்தில் இருந்த அறிவிப்பு அட்டையில் இருந்தது.

மூன்று குவளைகள். இரண்டில் ஒரே பீப்பாயின் விஸ்கி, ஒன்றில் வேறு. ருசி பார்த்து வேறானதைச் சரியாகச் சொல்பவரின் பெயர் இன்று நிரப்பும் பீப்பாயில் எழுதப்பட்டுப் பன்னிரண்டு வருடம் கிடங்கில் இருக்கும். ஒரு வண்டியில் வந்தவர்களுக்கு ஒரே பதில், ஒரே பெயர்.

கதிரேசன் மூன்றிலும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்து, முதல் குவளைதான் என்று அடித்துச் சொன்னான். ஹேமலதாவுக்கு மூன்றும் ஒரே எரிச்சல். வண்டி ஓட்டுகிறவர் பங்கைச் சிறு புட்டியில் அடைத்துக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். அதனால் சௌந்தரவல்லி கையில் சாவியோடு சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பழக்கம் விடுமா? குனிந்து வரிசையாக முகர்ந்தாள்.

"மூணாவது. நனைஞ்ச கோணிச்சாக்கு வாசன அடிக்குது."

ஹேமலதா லேசில் நம்புகிறவள் அல்ல. நாத்தனாரை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுக் குவளைகளை மாற்றி மாற்றி வைத்தாள். அடியில் எண் ஒட்டியிருந்தது. மூன்று முறை வைத்தாள். மூன்று முறையும் சௌந்தரவல்லியின் விரல் அதே குவளையைத்தான் தொட்டது.

கதிரேசன் தன் முதல் குவளையைத் தள்ளி வைத்தான். பிறகு ஐலீனிடம் போய், மூன்றாவது என்றான். சரியான பதில். அந்த விஸ்கியின் பீப்பாய் மட்டும் ஆற்றோரத்து ஈரக் கிடங்கில் இருந்ததாம். யார் பெயரை எழுத என்று ஐலீன் தூரிகையை எடுத்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காத," என்றான் கதிரேசன். "ருசி பாத்தவங்க பேருன்னுதான் அட்டையில போட்டிருக்கு. நீ வாயிலயே வைக்கல. குடிச்சது நான், எம் பதில விட்டுட்டு ஒம் பதிலச் சொன்னதும் நான். பதினோரு வருஷமா இந்த ஊர்ல எம் பேர ஒருத்தனும் ஒழுங்காச் சொன்னதில்ல."

ஹேமலதா விடவில்லை. மூன்றில் ஒன்றைச் சொன்னால் குருட்டுப் போக்கிலும் சரியாக வரும், அது குருட்டுப் போக்கு இல்லை என்று காட்டியது தான்தானே என்றாள்.

சௌந்தரவல்லிக்கு அந்தப் பெயர் வேண்டும். அவ்வளவு வேண்டும் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. இந்த முறை அவள் பேசாமல் இருக்கவில்லை.

"என் மூக்கு கண்டுபிடிச்சது. எம் பேரப் போடணும்."

இப்போது சொல்லுங்கள். குடித்து, தன் பதிலை விட்டுக்கொடுத்தவன், சோதித்து உறுதி செய்தவள், குடிக்காமல் கண்டுபிடித்தவள். அந்தப் பீப்பாயில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: சௌந்தரவல்லியின் பெயரை. உரசிப் பார்த்த கல் தங்கம் ஆகிவிடாது, ஆகவே ஹேமலதாவுக்கு நன்றி மட்டும். கதிரேசன் விட்டுக்கொடுத்தது பெரிய மனசுதான். ஆனால் அவன் நாக்கு சொன்னது முதல் குவளையை. அட்டை கேட்பது ருசி பார்த்தவரை, குடித்தவரை அல்ல. நாக்கில் ஒரு சொட்டு படாமல் மூக்காலேயே நாற்பது மாதிரிகளை 'ருசி பார்க்கும்' தலைவரைக் கொண்ட வடிசாலையில், முகர்ந்தவளும் ருசி பார்த்தவள்தான். ஐலீனும் இதையே சொல்லித் தூரிகையைச் சௌந்தரவல்லியின் கையில் கொடுத்தாள். பீப்பாயின் முகத்தில் சௌந்தரவல்லி என்று தன் முழுப் பெயரையும் தமிழிலேயே எழுதினாள். கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள். அன்று மாலை கூடாரம் அடித்து, சாவியைத் தம்பியிடம் கொடுத்தபின், மூன்றாவது விஸ்கி இருந்த தன் புட்டியைத் திறந்து ஒரு வாய் சர்ரென்று உறிஞ்சி, புல்லில் துப்பிவிட்டு, "கோணிச்சாக்குதான்" என்றாள்.