கரும்பலகையில் ஓர் உத்தரவு

கேளுங்கள் இந்தக் கூத்தை. வாசிப்புத் திட்டம் ஒன்று பலிக்கிறதா என்று பார்க்க, குலுக்கல் போட்டுப் பாதிப் பள்ளிகளுக்குக் கதைப் புத்தகம் கொடுத்தார்கள். மீதிப் பள்ளிகள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வழக்கம்போலப் பாடம் நடத்த வேண்டும். பொட்டல்பட்டி எப்சிபா டீச்சர் பள்ளிக்குப் புத்தகம் விழவில்லை.

திட்ட மேற்பார்வையாளர் தாண்டவமூர்த்தி மீசையை முறுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். "இந்தாம்மா, உன் பிள்ளைங்களும் நல்லா வாசிச்சா என் திட்டம் நாறிடும். பாடம் நடத்து, ஆனா ஒண்ணும் மண்டையில ஏறக்கூடாது. யாருக்கும் வாசிக்கத் தெரியக்கூடாது!"

"ஆகட்டும் சார். உங்க உத்தரவைப் பிள்ளைங்ககிட்ட அப்படியே சேர்த்துடறேன்" என்றாள் எப்சிபா, பவ்யமாக.

சோதனை நாளில், பிள்ளைகளின் வாசிப்பை அளக்க வந்த ஆராய்ச்சிக்கார அம்மா ஒருத்தரோடு தாண்டவமூர்த்தியும் வந்தார். அந்த அம்மா கரும்பலகையில் எழுதியிருந்த வரியைக் காட்டி, "இதை யார் வாசிப்பீங்க?" என்றதுதான் தாமதம், இரண்டாம் வகுப்பு மொத்தமும் கூரை பிய்ந்துபோகக் கத்தியது:

"யாருக்கும் வாசிக்கத் தெரியக்கூடாது! இப்படிக்கு, தாண்டவமூர்த்தி சார்!"

ஆராய்ச்சிக்கார அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"என் உத்தரவையே மீறிட்டியா?" என்று சீறினார் தாண்டவமூர்த்தி.

"மீறுவேனா சார்? வாசிக்கத் தெரியாட்டி உங்க உத்தரவு பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே மூச்சைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தேன்!"