மீன் சுமந்த மாசிலாமணியார்

நெடுங்கரைச் சிவன் கோயிலில் சாமி குளிக்க நீர் சுமப்பதே மாசிலாமணியாரின் தொண்டு. விடியுமுன் தீர்த்தக் கிணற்றில் இறைத்து, ஈரத்துண்டின்மேல் குடத்தை ஏற்றி, "சிவசிவ" என்ற சொல் உதட்டைவிட்டு இறங்காமல் கருவறை வாசல்வரை வருவார். கூலி, கோயிலில் தரும் ஒரு பட்டைச் சோறு.

குடமுழுக்கு நெருங்கியபோது, "தீர்த்தத்துல மீன் கவிச்சி ஆகாதுப்பா, ஒண்ணு விடாம அள்ளிரு" என்றார் தர்மகர்த்தா வைரவநாதன். அதையும் தொண்டாகவே செய்தார் அடியார். கிணற்றில் இறங்கித் துணியால் அரித்து, மீன்களை ஊருணியில் விட்டார். நீர் பளிங்காயிற்று.

மழைக்குப் பின் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்க்காய்ச்சல். கொசு ஒழியட்டுமென்று ஊரார் சாக்கடையெல்லாம் வாரினார்கள்; காய்ச்சல் நிற்கவில்லை. அடியாரின் மனைவி மரகதவல்லி அதில் மாண்டார். தீட்டுக் கழிந்ததும் அடியார் மறுபடி குடத்தை எடுத்தார். அதற்குள் மகள் உமையாள் படுத்துவிட்டாள். "இவளையாவது விட்டுவை, ஐயனே" என்று கருவறை வாசலில் நின்று வேண்டினார்.

மலேரியாத் தடுப்பு வேலைக்கு வந்த ஜெசிந்தா, உமையாளுக்கு மாத்திரை கொடுத்தபின், தீர்த்தத்தை அகப்பையில் மொண்டு காட்டினாள். துரும்பு போன்ற புழுக்கள் நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தன.

"சாக்கடைக் கொசுப் புழு தலைகீழாத் தொங்கும்ணே. இப்படிப் படுத்துக் கிடந்தா மலேரியாக் கொசு. அதுக்கு நல்ல தண்ணிதான் வேணும். கிணத்துல புழுவைத் திங்க மீனே இல்லையா?"

ஐயன் வைத்த காவலை அடியார் தம் கையாலேயே அள்ளிப் போட்டிருக்கிறார்!

அன்று பகலிலேயே ஊருணியில் மீன் பிடித்து, குடத்தில் சுமந்துவந்து கிணற்றில் விட்டார். ஊர் கூடிவிட்டது.

"பொண்டாட்டி போனதுல புத்தி பெரண்டுருச்சா? நாளைக்கு அபிஷேகத்துக்கு மீன் குழம்பா ஊத்துவே? இனிமே குடத்தைத் தொடாதே!" என்றார் வைரவநாதன். சிரிப்பு எழுந்தது.

சாம்பசிவக் குருக்கள்தான் தடுத்தார். "தண்ணி சாமியோடது. நாளைக்கு அவர்கிட்டயே பூக் கேட்டுருவோம்."

மறுநாள் உமையாளுக்குக் குளிர் வரும் நாள். மதியம் சாய்ந்தால் பல் கிட்டும். இறைவன் முடிமேல் பூ வைத்தார்கள். வலப்பக்கம் விழுந்தால் மீன் இருக்கலாம். இடப்பக்கம் விழுந்தால் அள்ளிவிட வேண்டும். பூ அசையவே இல்லை. அடியாரின் ஒரு காது வீட்டுப் பக்கமே இருந்தது.

"சாமி ஒப்பலை" என்றார் வைரவநாதன்.

குருக்கள் பூவை எடுத்தார். "காலையிலேர்ந்து அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணி வார்க்கலை. குளிப்பாட்டாம கேட்டா எப்படிச் சொல்வார்? மாசிலாமணி, குடத்தை எடு."

"அவனா?"

"வேற யாரு இருக்கா? வீட்டுக்கு வீடு கம்பளிக்குள்ளதான் கெடக்கு."

இறைத்துச் சுமந்துவந்தார் அடியார். குருக்கள் நீரை வார்த்து, ஈர முடியில் பூவை மறுபடி வைத்தார். ஈரத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்று அடியாருக்கு உயிர் போய் வந்தது. பூ மெல்லச் சரிந்தது, வலப்பக்கம் விழுந்தது.

குலவை ஓசையைக் கேட்க அவர் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினார். குளிர் வரும் பொழுது தாண்டியிருந்தது. உமையாள் கம்பளியை உதறிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, பசிக்குது."

அந்த ஆண்டு காய்ச்சல் ஓய்ந்தபின் மிஞ்சிய வீடுகளில் இன்றும் அவர் பெயரைச் சொல்லியே முதல் குடம் இறைக்கிறார்கள். அள்ளியதைத் திருப்பிச் சுமந்த அந்த ஈரத் தோளை ஐயன் அறிவான்; நாமும் வணங்குவோம்.